மலையேறும் சப்பாத்து: நீர் புகாமல் இருந்தால் போதுமா?

வாசகர் கேள்வி, மே 9

"வெள்ளவத்தையில் இருக்கிறேன். இம்மாதக் கடைசியில் ஹோர்ட்டன் சமவெளிக்கும், ஓகஸ்டில் நக்கிள்ஸ் பக்கமும் போகிறோம். கணுக்காலை மூடும் உயரத்தில், முழுக்க நீர் புகாத பூட்ஸ்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கோர்டெக்ஸ் என்ற நீர் புகாத படலம் இல்லாத சப்பாத்தோடு நம் மலைகளுக்குப் போவது காசை வீணாக்கும் வேலை. எந்த வகை நல்லது என்று மட்டும் சொன்னால் போதும்."

மே 9, இரவு

எந்த வகை என்பது பிறகு. அந்த முடிவையே நான் மறுக்கிறேன்.

நம் மலைகளில் சப்பாத்துக்குள் நீர் போவது பெரும்பாலும் மேலே திறந்திருக்கும் வாய் வழியாகத்தான். மழை காற்சட்டையில் வழிந்து, காலுறையில் இறங்கி, உள்ளே சேர்கிறது. முழங்கால் உயரப் புல்லுக்குள் சிறிது நேரம் நடந்தாலே காலுறை நனைந்துவிடும். ஓடையில் இறங்கினால் கேட்கவே வேண்டாம். வெளிநீரை உள்ளே விடாத அதே படலம், உள்ளே போன நீரை வெளியேயும் விடாது. அன்று முழுவதும் கால் அதில் ஊறுகிறது. ஊறிய தோல் மென்மையாகிறது, மென்மையான தோல் உரசலில் கொப்புளம் கட்டுகிறது.

என் வரிசை இது: முதலில் காலுக்குப் பொருத்தம். அடுத்து ஈரப்பாறையில் பிடிக்கும் அடி. அதற்கடுத்து, நனைந்தால் எவ்வளவு விரைவாகக் காய்கிறது என்பது. நீர் புகாமை நான்காவதாக வரட்டும்.

மஸ்கெலியாப் பக்கம் வளர்ந்தவள் நான். மழையில் நடப்பது எனக்குப் புதிதில்லை. கொழும்புக்கு வந்த பிறகுதான் சப்பாத்துக்கு இவ்வளவு காசு கொடுக்கும் பழக்கம் வந்தது.

மே 10

படலம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மறுத்தது போதாது.

கோர்டெக்ஸ் என்பது, முதலில் வந்த வடிவில், டெஃப்ளானை இழுத்து விரித்துச் செய்த மெல்லிய படலம். பொப் கோர் 1969இல் அதைக் கண்டறிந்தார். நுண்ணிய துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. நீர்த்துளி புக முடியாத அளவுக்குச் சிறியவை, நீராவி போகும் அளவுக்குப் பெரியவை. கால் வியர்க்கும்போது அந்த ஆவி துளைகள் வழியே வெளியேறவேண்டும். தானாக அது போகாது. உள்ளே ஆவியின் அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்கவேண்டும், அந்த வேறுபாடுதான் தள்ளுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சப்பாத்துக்குள் 33 பாகை செல்சியஸ், முழு ஈரம் என்று வைத்தால் ஆவியழுத்தம் ஏறத்தாழ 5 கிலோபஸ்கால். ஸ்கொட்லாந்து மலையில் 10 பாகை, 90 வீத ஈரப்பதன் என்றால் வெளியே 1.1தான். வேறுபாடு 3.9. சிவனொளிபாதமலைக்குப் போகும் குருவிட்ட எரத்ன பாதையின் அடிவாரக் காட்டில் 28 பாகையும் அதே 90 வீதமும் என்றால் வெளியே 3.4. வேறுபாடு 1.6க்கு இறங்கிவிடுகிறது. அங்கே ஆவியைத் தள்ளும் விசையில் பாதிகூட இங்கே இல்லை. ஆகவே நம் தாழ்காட்டில் கால் வெளிநீரால் நனையாவிட்டாலும் தன் வியர்வையாலேயே நனைகிறது.

ஹோர்ட்டன் சமவெளி வேறு கதை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் இடம். 14 பாகை, அதே ஈரப்பதன் என்று வைத்தால் வேறுபாடு 3.6 அளவுக்கு ஏறுகிறது. அங்கே படலத்துக்கு வேலை இருக்கிறது.

மே 12

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "அக்கா, லண்டனில் இருக்கும் அண்ணாவிடம் சொல்லி அனுப்பி எடுக்கலாம் என்று இருந்தேன். அவர் அங்கே மலைக்குப் போகிறவர். கோர்டெக்ஸ் இல்லாமல் வெளியே கால் வைக்கவே மாட்டார்."

தம்பி, உங்கள் அண்ணா அவர் இருக்கும் இடத்துக்குச் சரியாகத்தான் சொல்கிறார். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். குளிர்ந்த ஊரில் நனைந்த கால் விறைக்கும், அது ஆபத்து. நமக்குப் பெரும்பாலான பாதைகளில் நனைந்த கால் ஒரு தொந்தரவு மட்டுமே.

ஆனால் அனுப்பி எடுப்பதை நான் எதிர்ப்பதற்குப் படலம் காரணமில்லை. சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது. ஒரே 8ஆம் இலக்கம் ஒரு நிறுவனத்தில் ஒடுங்கியும் இன்னொன்றில் அகன்றும் இருக்கும். நம்மில் சிறுவயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் நடந்து வளர்ந்தவர்களுக்கு விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். ஒடுங்கிய முன்பகுதியில் சுண்டுவிரல்தான் முதலில் அகப்படும். நீளம் போதவில்லை என்று எண்ணி ஓர் இலக்கம் பெரிதாக எடுக்கிறார்கள். அப்போது குதிக்கால் ஆடத் தொடங்குகிறது, கொப்புளம் பின்னால் இடம் மாறுகிறது. அகலம் போதாததற்கு அகலமான அச்சில் செய்த சப்பாத்துதான் மருந்து.

மே 13

கடையில் என்ன செய்வது என்று மூவர் கேட்டுவிட்டார்கள். விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பணம் காப்பாற்றப்படுவதும் தொலைவதும் இந்த அரைமணி நேரத்தில்தான்.

மாலையில் போங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த கால் வீங்கியிருக்கும், மலையிலும் வீங்கத்தான் போகிறது. மலைக்குப் போடும் காலுறையைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் மெல்லிய உறையில் சரியாக இருப்பது உங்கள் உறையில் இறுகும்.

உள்ளே இருக்கும் அட்டையைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். கால் இருபுறமும் வெளியே தள்ளினால் அந்தச் சோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், போட்டுப் பார்க்கவே தேவையில்லை. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி இருக்கவேண்டும். இரு கால்களும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை, பெரிய காலுக்கே வாங்கவேண்டும்.

பிறகு லேஸை இறுக்கிக் கட்டி மாடிப்படியில் இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. வெளிநாட்டுக் கடைகளில் சாய்வுப் பலகை வைத்திருப்பார்களாம். இங்கே அது இல்லாவிட்டாலும் கொழும்பில் மாடியில்லாத கடைத்தொகுதி அரிது. வேகமாக இறங்கும்போது விரல்நுனி முன்சுவரில் முட்டினால், மலையிலிருந்து இறங்கும்போது நகம் கறுத்து விழும். குதிக்கால் மேலெழும்பக் கூடாது. சற்று அசைவது பரவாயில்லை, உரசல் உணரப்பட்டால் வேண்டாம்.

விற்பவர் "போடப் போட இளகிவிடும்" என்பார். தோல் இளகும். விரல்பகுதி அகலாது, நீளம் கூடாது.

பெண்களுக்கு ஒரு வரி: நம்மில் பலருக்குக் குதி ஒடுங்கியும் முன்பகுதி அகன்றும் இருக்கும். ஆண்களின் சிறிய இலக்கத்தை நீட்டிவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லும் கடையில் நான் நிற்பதில்லை. பெண்களுக்கான அச்சு வேறு, குதியில் அந்த வேறுபாடு தெரியும். ஆனால் கால் உண்மையிலேயே அகலமானவர்களுக்கு ஆண்களின் சப்பாத்து பொருந்துவதும் உண்டு. காலே தீர்மானிக்கட்டும்.

மே 17

அடியைப் பற்றி.

1935இல் இத்தாலிய மலையேறி விற்றாலே பிரமானியோடு அல்ப்ஸ் மலைக்குப் போன நண்பர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அக்காலச் சப்பாத்து அதற்கு ஒரு காரணம். பாறையேற மெல்லிய சப்பாத்து, நடக்க ஆணியடித்த கனமான சப்பாத்து என்று இரண்டு சோடி கொண்டுபோன காலம். வானிலை மாறியபோது மெல்லியது உதவவில்லை. அதன் பிறகு அவர் பிரெல்லி நிறுவனத்தின் உதவியோடு 1937இல் ஆழமான பற்கள் கொண்ட றப்பர் அடியைக் கொண்டுவந்தார். இன்று விப்ரம் என்ற மஞ்சள் எண்கோண முத்திரையோடு வருவது அதுதான்.

முத்திரையைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். அதே நிறுவனம் பல வகை றப்பர் செய்கிறது. கடினமான றப்பர் நீண்டகாலம் உழைக்கும், ஆனால் பாசி பிடித்த ஈரப்பாறையில் நழுவும். மென்மையான றப்பர் பிடிக்கும், விரைவில் தேயும். நகத்தால் பல்லை அழுத்திப் பாருங்கள். சற்றே பதிந்து மீண்டால் நம் பாறைகளுக்கு ஏற்றது. பற்களின் ஆழம் 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். இடைவெளி நெருக்கமாக இருந்தால் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் அடைத்துக்கொள்ளும், பிறகு அடி வழவழப்பான பலகைதான்.

எந்த அடியும் ஈரமான மரவேரில் பிடிக்காது. அங்கே கால் வைக்காமல் தாண்டிப் போவதுதான் வழி.

மே 18

பருத்திக் காலுறை வேண்டாம். பாடசாலைக் காலுறை வேண்டவே வேண்டாம். கம்பளி அல்லது செயற்கை இழை. கம்பளி நனைந்தாலும் சூட்டைக் காக்கும், நாற்றம் குறைவு. கொழும்பில் கிடைக்காவிட்டால் நுவரெலியாக் கடைத்தெருவில் குளிராடை விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் தடித்தது எல்லாம் கம்பளி ஆகாது, சீட்டைப் படியுங்கள்.

மே 24

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்: "அறுபது தாண்டிய அம்மாவைச் சிவனொளிபாதமலைக்குக் கூட்டிப்போக வேண்டும். பூட்ஸ் வாங்கிக் கொடுக்கலாமா?"

யாத்திரைக் காலம் வெசாக் போயாவோடு முடிந்துவிட்டது. இனி டிசம்பர் போயாவில்தான் தொடங்கும், அவசரமில்லை. நல்லதண்ணிப் பக்கத்தால் போவதென்றால் பூட்ஸ் தேவையே இல்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், பெரும்பகுதி கொங்கிறீட்டும் கல்லும். அந்தப் படிகளில் காலுக்கு வேண்டியது மெத்தென்ற அடியும் இலேசான எடையும். காலில் கூடும் எடை ஒவ்வொரு படியிலும் தூக்கப்படுகிறது. பழகிய ஓட்டச் சப்பாத்து போதும், தேய்ந்த அடியாக மட்டும் இருக்கக்கூடாது.

எங்கள் ஊர்ப் பாட்டிமார் றப்பர் செருப்போடு ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெறுங்காலோடு ஏறுபவர்களும் உண்டு, அது நேர்த்திக்கடன். அவர்கள் கால் அந்த நிலத்தில் பழகியது. கொழும்பில் ஓடு பதித்த வீட்டுக்குள் நடக்கும் காலோடு அதை ஒப்பிட்டு "செருப்பே போதும்" என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். இறங்கும்போது முழங்கால்தான் சோதிக்கப்படும். அவருக்கு ஒரு கைத்தடி வாங்கிக் கொடுங்கள், பூட்ஸை விட அது உதவும். உச்சி 2,243 மீட்டர், விடியற்காலையில் நன்றாகக் குளிரும், மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும்.

இரத்தினபுரி, குருவிட்டப் பாதைகள் என்றால் பதில் மாறும். அவை நீளமானவை, காட்டு வழி, இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் உண்டு.

மே 31

தம்பி ஹோர்ட்டன் சமவெளி போய்வந்துவிட்டார். வாங்குவதைத் தள்ளிப்போட்டு, நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக அலுமாரியில் வைத்திருந்த பூட்ஸை இரவல் வாங்கிப் போயிருக்கிறார். பெட்டியோடு இருந்ததாம், பார்ப்பதற்குப் புத்தம் புதிதாம். உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பைத் தாண்டியதும் ஒரு சப்பாத்தின் அடி வாயைப் பிளந்தது. பேக்கர் அருவிக்கு இறங்கும்போது மற்றதும் கழன்று, மீதி வழியை லேஸால் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். மழையும் பனிமூட்டமும். ஒன்பது கிலோமீட்டரைத் தாண்டும் வட்டப்பாதையில் அது சிறிய பாடு இல்லை.

"தரமற்ற சப்பாத்து" என்கிறார். இல்லை. அது நல்ல சப்பாத்தாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 1

இதைக் கவனமாகப் படியுங்கள். கொழும்பில் சப்பாத்து வைத்திருக்கும் எவருக்கும் நீர் புகாமையைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

வெளியே தெரியும் கறுப்பு றப்பருக்கும் மேல்பகுதிக்கும் நடுவில் மெத்தை போன்ற ஓர் அடுக்கு உண்டு. நல்ல, கனமான பூட்ஸில் அது பெரும்பாலும் பொலியூரிதேன். நெடுந்தூரம் நடந்தாலும் அமுங்கிப்போகாது, அதனால்தான் போடுகிறார்கள். ஆனால் காற்றிலிருக்கும் ஈரம் மெல்ல அதற்குள் புகுந்து மூலக்கூற்றுப் பிணைப்புகளை அறுக்கிறது. வெப்பம் கூடினால் அறுபடும் வேகமும் கூடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஒருநாள் எடை விழும்போது பிஸ்கட்டாக உதிரும்.

குளிர்ந்த, உலர்ந்த ஊரில் பல ஆண்டுகள் தாங்குவது, ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரமும் நிற்கும் கொழும்பு அலுமாரியில் அவ்வளவு தாங்காது. பெட்டிக்குள், பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்தால் இன்னும் மோசம். அடிக்கடி போட்டு நடக்கும் சோடி, பத்திரமாகப் பூட்டி வைத்த சோடியைவிட நீண்டகாலம் இருக்கிறது. நடக்கும்போது அமுங்கி விரிவதில் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறுகிறது.

இலேசான சப்பாத்துகளில் வரும் ஈ.வி.ஏ. என்ற நுரை இப்படி உதிர்வதில்லை. காலப்போக்கில் அமுங்கித் தட்டையாகும், அவ்வளவே. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மலைக்குப் போகும் கொழும்புக்காரருக்கு ஈ.வி.ஏ. நடுவடுக்கு உள்ள இலேசான சப்பாத்தே பொருத்தம் என்பேன். கனமான பூட்ஸ் வாங்கினால் அதைப் பயன்படுத்துங்கள். காலிமுகத்திடலில் மாலை நடைக்காவது போடுங்கள்.

ஜூன் 3

"புறக்கோட்டையில் பழைய வெளிநாட்டுப் பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே?"

கிடைக்கிறது. அருமையான தோல், பெயர்பெற்ற முத்திரை. முந்தாநாள் எழுதாததை இங்கே சேர்க்கிறேன்: நாக்கின் உட்புறச் சீட்டில் பல நிறுவனங்கள் உற்பத்தி செய்த மாதமும் ஆண்டும் அச்சிடுகின்றன. அதைத் தேடுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் என்றால் நடுவடுக்கைச் சந்தேகியுங்கள். பக்கவாட்டில் பெருவிரலால் அழுத்துங்கள், மாவாக உதிர்ந்தால், ஒட்டினால், மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வேண்டாம். பிறகு முன்பகுதியை நன்றாக வளைத்துப் பாருங்கள். விற்பவர் தடுத்தால் அதுவும் ஒரு பதில்.

இன்னொன்று: வேறொருவர் காலுக்கு ஒரு பக்கமாகத் தேய்ந்த அடி உங்கள் முழங்காலையும் அந்தப் பக்கம் சாய்க்கும். தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், நேராக நிற்கவேண்டும்.

ஜூன் 4

தைப்பதைப் பற்றிக் கேட்டவருக்கு: நடைபாதையில் இருக்கும் சப்பாத்துத் தைப்பவரிடம் அடியைச் சுற்றித் தையல் போட்டுக்கொள்வது நல்ல வழக்கம். பசை விட்டாலும் நூல் பிடிக்கும். ஆனால் ஊசி போகும் இடமெல்லாம் துளை. அது படலத்தையும் துளைக்கும், அதன்பின் அந்தச் சப்பாத்து நீர் புகாதது அன்று. படலம் இல்லாத சப்பாத்தென்றால் தயங்காமல் தைத்துக்கொள்ளுங்கள். நடுவடுக்கு உதிரத் தொடங்கியிருந்தால் மட்டும் தையலும் காப்பாற்றாது, நூல் பிடிக்க உள்ளே எதுவும் இல்லை.

ஜூன் 15

மழை விடாத வாரம். காயவைப்பது பற்றி எழுத இதைவிட நல்ல நேரம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உள்ளட்டையைக் கழற்றுங்கள். லேஸைத் தளர்த்தி நாக்கை முன்னால் இழுத்து விடுங்கள். சேற்றை வெறும் நீரில் கழுவுங்கள், சவர்க்காரத் தூள் வேண்டாம், நீர் ஒட்டாத மேற்பூச்சு கெட்டுவிடும். பழைய பத்திரிகையைக் கசக்கி உள்ளே அடைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். முதல் இரவில் இரண்டு மூன்று முறை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. பிறகு மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

வெயிலில், அடுப்பருகில் வைக்கவேண்டாம். தோல் வெடிக்கும், பசை இளகும். தொடர்மாடியின் பல்கனியில் நண்பகல் வெயில் விழுந்தால் அதுவும் அடுப்புதான்.

படலம் உள்ளது காய இரு மடங்கு நேரமெடுக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். இரண்டு நாள் நடைப்பயணத்தில் முதல்நாள் நனைந்தால் மறுநாள் காலையில் ஈரச் சப்பாத்துக்குள்தான் கால் போகும். வலைத்துணிச் சப்பாத்தும் அவ்வேளையில் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் நடக்க நடக்க அது தன் நீரைப் பிழிந்து வெளியேற்றும்.

முழுக்கக் காயாத தோலை மூடி வைத்தால் கொழும்பில் ஒரு வாரத்துக்குள் பூஞ்சணம் வெள்ளையாகப் படரும்.

ஜூன் 28

முதல் குறிப்பில் இருந்த கடுமையைச் சற்றுத் தளர்த்துகிறேன். எழுதிய பிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

படலத்துக்கு ஒரு நியாயம் உண்டு, காற்று. ரிவர்ஸ்டன் பக்கத்தில் நிற்கும்போது காற்று ஆளைத் தள்ளும். அங்கே ஈரமான வலைத்துணிச் சப்பாத்தில் கால் விறைத்துப்போகிறது, படலம் காற்றை நிறுத்துகிறது. ஹோர்ட்டன் சமவெளியில் விடியற்காலை, மழையில்லாத நாள், புல்லில் பனி மட்டும்: அங்கே நீர் மேல்வாயால் வருவதில்லை, பக்கத்தால் வருகிறது. படலம் முழு மதிப்பெண் பெறும் இடம் அதுதான். கிரிகல்பொத்தைக்கு நடப்பவர்களும் அந்தச் சேற்றை நினைத்துப் படலத்தைத் தேர்ந்தால் நான் தடுக்கமாட்டேன்.

இருந்தாலும் என் வரிசை மாறவில்லை. பொருந்தும் சப்பாத்தில் படலம் இருந்தால் இருக்கட்டும். படலத்துக்காகப் பொருந்தாததை வாங்கவேண்டாம். வாங்கினால் நாக்கு இருபுறமும் எவ்வளவு உயரம்வரை மேல்பகுதியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீர் புகாமை அந்த உயரம்வரைதான். சிலவற்றில் அது பாதியிலேயே நின்றுவிடும்.

வெளித்துணியில் நீர் முத்தாக நின்று உருளாமல் பரவி ஊறினால் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. படலம் கிழிந்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். கழுவி, அதற்கான தெளிப்பைப் பூசினால் மீளும்.

ஜூலை 10

அட்டை. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள்.

உயரமான பூட்ஸ் அட்டையைத் தடுக்காது. லேஸ் துளை வழியாகவும் நாக்கின் ஓரத்தாலும் உள்ளே போகும், மேலேறிக் காற்சட்டைக்குள்ளும் போகும். தடுப்பது அட்டைக்காலுறை: நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்து மேலே நாடா கட்டியது. வழக்கமான காலுறைக்கு மேலே, காற்சட்டையின் நுனியை உள்ளே விட்டுப் போடவேண்டும், அதற்கு மேல் சப்பாத்து. அதனால்தான் கடைக்குப் போகும்போது இதையும் கொண்டுபோய்ச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு துணி அரை இலக்கம் இடத்தைத் தின்னும்.

சவர்க்காரம், உப்பு, சித்தாலேபக் களிம்பு எல்லாம் பூசலாம், ஓடையில் இறங்கியதும் கழுவிப்போகும். கடித்தால் பதறி இழுக்காமல் நகத்தால் வாயோரம் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் சுரக்கிறது, அதனால் சற்று நேரம் வடியும். பயப்பட ஒன்றுமில்லை, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள்.

ஜூலை 11

அட்டைக்காலுறையை வெள்ளையில் தைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஆம், வெள்ளை நிறத்தில் தையுங்கள். ஏறும் அட்டை கண்ணில் படும்.

ஜூலை 26

நக்கிள்ஸ் பயணம் நெருங்குகிறது என்பதால் இது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் அதிகம் பெய்யும். கிழக்குப் பக்கத்தில் ஓகஸ்ட் ஒப்பீட்டளவில் உலர்ந்தது, காற்று மட்டும் பலமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் இது தலைகீழாகும். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே சப்பாத்து. மேற்கென்றால் காயும் வேகத்தையும் பற்களையும் பாருங்கள், கிழக்கென்றால் உறுதியான முன்விரல் பாதுகாப்பையும் வெப்பம் தேங்காத மேல்பகுதியையும்.

ஓடையைக் கடக்கும்போது சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு இறங்கவேண்டாம். காலுறையை மட்டும் கழற்றிப் பையில் வைத்து, சப்பாத்தோடு கடந்து, அக்கரையில் நீரை வடித்துவிட்டு உறையைப் போடுங்கள். நீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தால் கடக்கவே வேண்டாம்.

புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்கவேண்டிய நிலை, சிவப்பு என்றால் வெளியேற வேண்டிய நிலை. உள்ளூர் மக்களே இடம்பெயரத் தயாராகும் நாளில் நாம் உல்லாசமாக மலையேறப் போவது முறையல்ல. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

ஓகஸ்ட் 8

தம்பி வாங்கிவிட்டார். கணுக்காலுக்குச் சற்று மேல்வரை வரும் நடுத்தர உயரம், அகலமான அச்சு, ஈ.வி.ஏ. நடுவடுக்கு, மென்மையான றப்பர், படலம் இல்லை. மாடிப்படியில் பலமுறை ஏறி இறங்கியதைப் பார்த்துக் கடைக்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்தாராம். நல்ல கடைக்காரர்.

"இறங்கும்போது மட்டும் கால் முன்னால் சறுக்குகிறது, பெரிதாக எடுத்துவிட்டேனா?" என்று கேட்கிறார். இல்லை, லேஸ். முன்பாதியைத் தளர்வாகக் கட்டுங்கள், விரல்கள் விரியட்டும். கால் மடியும் இடத்துக்கு வந்ததும் இரு நுனிகளையும் ஒன்றையொன்று இருமுறை சுற்றி இறுக்குங்கள், அந்தச் சுற்று அங்கேயே பூட்டிக்கொள்ளும். அதற்கு மேல் கொக்கிகளில் வழக்கம்போலக் கட்டுங்கள். குதி பின்னால் போய் உட்காரும். ஏற்றத்தில் மேல்பகுதியைச் சற்றுத் தளர்த்தி, இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று மீண்டும் இறுக்கவேண்டும். சோம்பலால் இதை விடுபவர்களுக்கே நகம் கறுக்கிறது.

ஓகஸ்ட் 9

பயணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை வீட்டுக்குள் ஓடு பதித்த தரையில் மட்டும் போட்டு நடங்கள், வெளியே வேண்டாம். அடி அழுக்காகாமல் இருந்தால் பல கடைகள் மாற்றிக் கொடுக்கும், பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். தினமும் ஒரு மணி நேரம், மலைக்காலுறையோடும் அட்டைக்காலுறையோடும். சூடாக உணரும் இடம் இருந்தால் அங்கேதான் கொப்புளம் வரப்போகிறது. இந்த வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.